மூடக் கூடாத காயம்

கடல் ஊருக்குள் வந்து போன அன்று, ஆரையம்பதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்தான் டொக்டர் இர்ஷானாவுக்கு ஆஸ்பத்திரி. பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளை இழுத்துச் சேர்த்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். கிழித்தது வேலிக்கம்பியோ கூரைத் தகரமோ, எல்லாக் காயத்துக்குள்ளும் மணலும் சேறும். அவள் கழுவினாள், செத்த சதையை வெட்டி எறிந்தாள், சேலைனில் நனைத்த துணியை உள்ளே வைத்துக் கட்டினாள். ஒன்றையும் தைக்கவில்லை.

பிரதீஸ் என்ற மீன்பிடிக்காரப் பொடியனின் தொடையைத் தகரம் நெடுக்காகப் பிளந்திருந்தது. அவனுக்குக் கட்டுப் போட்டு நிமிரும்போதுதான் அவனுடைய அண்ணன் சிவதர்ஷன் உள்ளே வந்தான். இடுப்பில் பிஸ்டல். இயக்கம் இரண்டாய்ப் பிளந்திருந்த அந்த வருசம், எந்தப் பக்கத்து ஆள் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

கட்டை விலக்கிப் பார்த்தவன் கத்தினான். "என்னது இது? இறைச்சிக் கடையிலபோல திறந்து விட்டிருக்கு! தைக்கல்லயா?"

"தைக்க ஏலா தம்பி. உள்ளுக்கு அழுக்குக் கிடக்கு. இப்ப மூடினா உள்ளுக்குள்ள அழுகும். நாலைஞ்சு நாள் துப்பரவாக்கி, மறுகா தைப்பம்."

"எங்கட அம்மாவத் தண்ணி கொண்டு போயிட்டு. இவனும் இரத்தம் வடிஞ்சு சாகணுமா?"

"இரத்தம் நிண்டுட்டு, பாருங்க" என்று இடையில் வந்தார் அசனார். காத்தான்குடிக்காரர், இர்ஷானாவுக்கு உதவியாள். அவருடைய வீட்டையும் காலையில் கடல் கொண்டு போயிருந்தது.

சிவதர்ஷன் பிஸ்டலின் பிடியால் அவர் வாயில் அடித்தான். பல் உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். மண்டபத்தில் பெண்கள் அலறினார்கள். பிறகு பிஸ்டலை இர்ஷானாவின் நெற்றியில் வைத்தான்.

"தை."

அவள் ஊசியை எடுத்தாள். தைத்தாள். ஊசி தோலுக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும், கதவைச் சாத்தி உள்ளே நெருப்பு வைப்பதுபோல் இருந்தது. முடிந்ததும், "இனி இவனுக்குக் காய்ச்சல் வந்தா, வீங்கினா, கெட்ட மணம் வந்தா உடன என்னக் கூப்பிடு. ஒளிச்சு வைக்காத" என்றாள். அவன் பிஸ்டலை இடுப்பில் செருகினான். தம்பியின் பக்கத்தில் குந்தினான்.

மறுநாள் காலை அவனேதான் அவளைத் தேடி ஓடி வந்தான். பிரதீஸின் கால் பானைபோல வீங்கி, தையல் நூல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. தோல் செம்பும் கறுப்புமாய்ப் பளபளத்தது. இர்ஷானா விரலால் அழுத்தினாள். உள்ளே காற்றுக் குமிழ்கள் நெறுநெறுத்தன. தொடையிலிருந்த நஞ்சு இடுப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"தோளை அமத்திப் பிடி."

மயக்க மருந்து கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. அவள் நூலை வெட்டியதும் காயம் தானாக வாய் பிளந்தது. அழுகல் நாற்றத்தோடு மண்ணிறத் தண்ணீர் பீறிட்டு சிவதர்ஷனின் நெஞ்சில் அடித்தது. உள்ளே சதை வெந்த மீன்போல வெளிறிக் கிடந்தது. கத்தி பட்டும் இரத்தம் வரவில்லை.

"காலை எடுக்கணும்" என்றாள். "இல்லாட்டி பின்னேரத்துக்குள்ள ஆள் இல்ல."

"எடுங்க."

ரம்பவாள் எலும்பை அறுக்கும்போது மருந்தையும் மீறி பிரதீஸ் கத்திக் குளறினான். அண்ணன் பிடியை விடவில்லை. தலையைத் திருப்பி வாந்தி எடுத்தான், மறுபடி பிடித்தான். எஞ்சிய தொடையையும் இர்ஷானா தைக்கவில்லை. சதை வெளியே தெரியத் திறந்தபடியே துணி வைத்துக் கட்டினாள்.

உயிர் தங்கியது. அடுத்து வந்த நாள்களில் துணி மாற்றும்போதெல்லாம் சுடுதண்ணீர் சுமந்தது சிவதர்ஷன்தான். ஒருநாள் ஒரு தகப்பன், மகளின் கையைத் தைக்கச் சொல்லி மேசையில் அடித்துச் சண்டை பிடித்தார். சிவதர்ஷன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்த் தம்பியின் முன்னால் நிறுத்தினான்.

"இவன்ட காலைப் பாரு. நான்தான் தைக்கச் சொன்ன."

அந்த மனிதர் மகளிடம் திரும்பிப் போனார்.

காயம் சிவந்து, சுத்தமாய், தொட்டால் இரத்தம் கசிகிற பதத்துக்கு வந்ததும் இர்ஷானா ஊசி எடுத்தாள். அசனார், விலாவில் கட்டோடு, எஞ்சிய தொடையை ஏந்திப் பிடித்தார்.

"நான் பிடிக்கட்டா காக்கா?" என்று, அண்ணன் முறை வைத்து, சிவதர்ஷன் கேட்டான்.

அசனார் உடைந்த பல்லை நாக்கால் தடவினார். "வெளிய நில்லு."

அவன் வெளியே போய் நின்றான்.