வடிகட்டிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் எவனும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. என் தம்பியும் வாங்கவில்லை. அவன் நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேதியியலாளன். தெருவில் அவனுக்குத் ‘தண்ணி டாக்டர்’ என்று பெயர். பழைய யுரேனியச் சுரங்கத்தின் கழிவுமேடு எங்கள் வீடுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் நல்ல நீர்தான் என்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டவன் அவன். சிறுநீரகம் கெட்டு அவன் இறந்த பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வந்து சோதித்தார்கள். நீரில் யுரேனியம் இருந்தது. சுரங்கக்காரனிடம் வாங்கித் தின்றுவிட்டான் என்று தெரு பேச ஆரம்பித்தது.

அதைப் பற்றிப் பேச ஒரு நாள் மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். போக வேண்டாம் என்று தம்பி மகளிடம் சொன்னேன். அவளும் அப்பனைப் போல ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள்.

“குரைக்கிற நாய்க்கெல்லாம் நின்னு பதில் சொல்ற வீடு இல்ல இது.”

“அப்ப அப்பா திருடனாவே இருந்துட்டுப் போகட்டுமா, பெரியப்பா?”

இரண்டு பாட்டில்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒன்று கண்ணாடி போல் தெளிவு. மற்றதன் அடியில் துருநிறப் படிவு.

“எது நல்ல தண்ணி, சொல்லுங்க.”

தெளிந்ததைக் காட்டினேன்.

“குடிச்சுடாதீங்க. ரெண்டும் ஒரே கிணறுதான். இதுல கிணத்துப் பக்கத்துலயே அமிலம் விட்டேன், எல்லாம் கரைஞ்சபடியே இருக்கு. அதுல விடல. காத்து பட்டதும் தண்ணியில இருந்த இரும்பு துருவாகி, யுரேனியத்தையும் இழுத்துக்கிட்டு அடியில உக்காந்துடுச்சு. அப்பா அந்தத் துருவை வடிகட்டி எறிஞ்சுட்டு, மிச்சத் தண்ணியைத்தான் அளந்தாரு. கலங்கின தண்ணியை மெஷின்ல விடறது அவருக்கு அசிங்கம்.”

உண்மைதான். சட்டையில் ஒரு பொட்டுக் கறை பொறுக்காதவன். அப்படி வளர்த்தவன் நான்.

“அப்பனை முட்டாள்னு சொல்லப் போறியா?”

“தப்பு பண்ணாருன்னு சொல்லப் போறேன். லஞ்சம் வாங்கினவரு கடைசி வரைக்கும் அந்தத் தண்ணியையே குடிப்பாரா?”

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வீட்டுத் தண்ணீர்தான் வேண்டும் என்று கேட்டவன் அவன். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

எழுந்து சட்டை மாற்றினேன்.

“பெரியவன் இருக்கும்போது நீ எதுக்கு முதல்ல பேசணும்? பாட்டிலை எடு.”

மண்டபத்தில் நுழைந்ததும், “தண்ணி டாக்டர் வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கப்பா!” என்றார் எங்கள் தெருத் தையல்காரர். சிரித்தார்கள்.

துரு படிந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். “என் தம்பி யார்கிட்டயும் காசு வாங்கல. வடிகட்டக் கூடாததை வடிகட்டிட்டான். தப்பாச் சோதிச்சான்.” முதுகு வளையாமல் பார்த்துக்கொண்டேன்.

மீதியைத் தம்பி மகள் விளக்கினாள். யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மட்டும் உட்காராமல் நின்றார். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாராவாரம் மனைவியை அழைத்துப் போகிறவர் அவர்.

“திருடன்னா வாய் நிறையத் திட்டிட்டாவது தூங்கலாம், அண்ணே,” என்றார். “இனிமே யாரைத் திட்டறது?”

பாட்டில் இன்னும் என் கையில்தான் இருந்தது. தூக்கிக் காட்டியதில், அடியில் கிடந்த துரு எழும்பித் தண்ணீர் முழுவதும் கலங்கிப் போயிருந்தது.