ஸ்கேம்பருக்குப் பொருள் எழுதிய ஆமை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எலியால் வந்தது. எங்கள் சமையலறையில் அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே அது குடுகுடுவென்று ஓடியது. இந்த ஓட்டத்துக்கு இங்கிலீஷில் 'ஸ்கேம்பர்' என்பார்களே என்று நான் அகராதியைத் தேடிப் போனேன். எலி தப்பித்துவிட்டது. "எலியைப் பிடிக்கச் சொன்னா சொல்லைப் பிடிச்சிட்டு வர்றீங்க" என்றாள் மனைவி. கைக்கு வந்த சரக்கை வீணாக்கும் பழக்கம் எங்கள் வியாபார வம்சத்தில் இல்லை. கதையாக்கிவிட்டேன்.

2.

முதல் ஆரம்பம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம்—'

வேண்டாம். நனைந்த சரக்கு விலை போகாது.

இரண்டாவது: 'சொல் என்பது காலத்தின்—'

நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது, இருப்பதில் தேவலை: ஒரு மாடியில் இங்கிலீஷ்-தமிழ் அகராதி அலுவலகம். அங்கே ஒரு வினோத வழக்கம். அசைவைக் குறிக்கும் சொல் வந்தால் உட்கார்ந்த இடத்தில் பொருள் எழுதக்கூடாது. எழுதுகிறவர் அலுவலக நடைக்கூடத்தில் அதைச் செய்து காட்ட வேண்டும். அகராதியின் ஆசிரியர் பார்த்துவிட்டு, கண்ணால் கண்டதைத் தமிழில் எழுதுவார். அதுவும் சொல்லின் பொருளும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுவார். சொல் அகராதிக்குள் போகும்.

(தடுக்கி விழுவதற்கான சொல் வந்த வாரம், மெய்ப்புத் திருத்துகிறவருக்கு முன்பல் போனது. பொருள் மட்டும் கச்சிதம்.)

3.

நாயகி அங்கே தற்காலிக ஊழியர். நடை மெதுவென்பதால் ஆசிரியர் வைத்த பெயர் ஆமை. (முதல் வரைவில் அவளை ஓட்டப்பந்தய வீராங்கனையாக வைத்தேன். கதை இரண்டாம் பத்தியிலேயே முடிந்துவிட்டது.) அவள் பங்குக்குக் கடைசிச் சொல் ஸ்கேம்பர். இன்று கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். விழாவிட்டால் மாலையே மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். ஆசிரியர் எழுதினார்: 'நடக்கிறார்.'

உயிரைக் கொடுத்து மறுபடியும் ஓடினாள். 'எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறார்.'

மூச்சு வாங்கியபடி அவள் சொல்லின் பூர்வீகத்தை எடுத்துவிட்டாள். ஆரம்பத்தில் அது அணிலுக்கும் எலிக்கும் உரியதல்ல. தப்பி ஓடுவதற்குத்தான் அந்தப் பெயர். பழைய பிரெஞ்சு, இத்தாலியம் என்று பின்னாலேயே போனால், அடியில் லத்தீனில் இரண்டு துண்டு கிடைக்கும்: 'வெளியே', 'களம்'. களத்தை விட்டு வெளியே! குழந்தை குட்டிகள் குதித்தோடுவதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.*

"பூர்வீகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆசிரியர். "கால் அசையலையேம்மா."

* நிபுணர்கள் இங்கே 'இருக்கலாம்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். சரக்குக்கு உத்தரவாதம் கேட்டால் எங்கள் கடைவீதியிலும் அதையேதான் சொல்வோம்.

4.

இங்கே கதை மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை அவளை ஓடவிட எனக்கே மனம் வரவில்லை. ஆகவே முதலாளியை வரவழைத்தேன். அகராதி எப்போது முடியும் என்று அவர் கேட்பதும், 'அடுத்த மாசம்' என்று ஆசிரியர் சொல்வதும் வருடக்கணக்காக நடக்கிறது.

மாடிப்படியில் முதலாளியின் குரல் கேட்டது. ஆசிரியர் எழுந்தார். அந்தப் பெரிய உடம்பு முழங்காலை மடக்கி, குட்டிக்குட்டி அடி வைத்து, சுவரில் இடித்து, நாற்காலியைச் சுற்றி, குடுகுடுவென்று காகிதக் கிடங்குக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது.

ஆமை பார்த்தாள். பார்த்ததை எழுதினாள்: 'பயத்திலோ குதூகலத்திலோ சிற்றடி வைத்து விரைந்தோடு.' ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு ஒன்று தர வேண்டும். அதையும் எழுதினாள்: 'முதலாளியின் குரல் கேட்டதும் ஆசிரியர் கிடங்குக்குள் ஓடினார்.'

முதலாளி உள்ளே வந்து ஆசிரியர் எங்கே என்று கேட்டார். "ஒரு சொல்லுல முழுசா இறங்கியிருக்கார் சார்," என்றாள் அவள். முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது, திரும்பிப் போனார்.

ஆசிரியர் தலையெல்லாம் காகிதத் தூசியோடு வெளியே வந்தார். தாளைப் படித்தார்.

"பொருள் சரிதாம்மா. ஆனா எடுத்துக்காட்டுல அணிலைப் போட்டுடலாமே."

"அணிலை நான் பார்க்கலையே சார்."

"ஒரு முயல்?"

"அதையும் பார்க்கலை."

"யாரோ ஒருத்தர்னு பொதுவா…"

"கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் முயலைப் பத்திப் பேசலாம்."

5.

முடிவு ஒன்று: அவர் தாளைக் கிழித்து— இல்லை. கிழித்தால் அவள் இன்னொன்று எழுதுவாள், நிதானமாக, இன்னும் விவரமாக.

முடிவு இரண்டு: அவர் கண்கலங்கி, 'நீதாம்மா என் வாரிசு' என்று— சீ.

மூன்றாவது முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஆசிரியர் பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். 'அணில்' என்கிறார் ஈனஸ்வரத்தில். ஆமை மேஜைக்கு எதிரே நிற்கிறாள். அசையாமல் நிற்பதில் அவளை ஜெயிக்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. எனக்குப் பசிக்கிறது, கிளம்புகிறேன். கையெழுத்து விழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.