தாளில் மட்டும் ஓடிய ஊற்று

வரைபடத்தில் ஒரு நீலக் கோடு இருந்ததை நம்பித்தான் லியோட்டா பதினெட்டு வருஷத்துக்கு முன்பு ஓர்வலுக்குக் கழுத்தை நீட்டினாள். சர்க்கார் அச்சடித்த நில வரைபடம் அது. மேற்கு டெக்சாஸின் மொட்டை மலைகள் அதில் பழுப்புக் கோடுகளாக நெளிய, ஓர்வலின் மாட்டுப்பண்ணைக்குள் மட்டும் ஓர் ஊற்று நீலமாக ஓடியது. அளக்க வந்தவர் வெயிலில் மலையேறச் சோம்பல்பட்டு, ஊற்று எங்கே என்று பண்ணைக்காரனையே கேட்டிருக்கிறார். ஓர்வல் கன்றுக்கறி வறுத்துப் போட்டு, ஒரு மலையைப் பார்த்து விரலை நீட்டிவிட்டான். கல்யாணமான மூன்றாம் நாள் வாளியோடு ஏறிப் பார்த்தவளுக்கு அங்கே கல்தான் இருந்தது.

இப்போது மூன்று வருஷமாக மழை இல்லை. பண்ணையை யாராவது வாங்கினால்தான் அவளுக்கு விடுதலை. வாங்க வந்திருந்தான் டெல், வாயும் வயிறுமான மனைவி வெர்னாவோடு. ஆண்கள் மாடு பார்க்கப் போயிருந்தார்கள். சமையலறை மேஜையில் வெர்னா அதே வரைபடத்தை விரித்தாள்.

"அக்கா, இந்த ஊத்துல கோடையிலயும் தண்ணி வருமா? அது பக்கத்துலயே வீட்டைக் கட்டிக்கலாம்னு அவர் சொல்றாரு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த வாரமே ரயிலேறிவிடலாம். லியோட்டா காப்பி ஊற்றினாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், மாட்டைப் பற்றிப் பேசினாள். வெர்னா விடாமல் மறுபடியும் கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது.

"அங்க ஊத்தே இல்லம்மா," என்றாள் கடைசியில். "நானும் இந்தக் கோட்டைப் பாத்துத்தான் வந்து மாட்டிக்கிட்டேன். புருஷனைக் கூட்டிக்கிட்டு ஓடிடு."

வெர்னா பட்டி வேலிக்கு ஓடினாள். லியோட்டாவும் பின்னால் போனாள்.

"ஏங்க, ஊத்து பொய்யாம்! வேண்டாங்க, போயிடலாம்!"

டெல்லின் முகம் வெளிறியது. "இப்பதான்டி கை குடுத்தேன்."

அந்தப் பக்கத்தில் பத்திரமெல்லாம் அப்புறம்தான். கை குலுக்கினால் முடிந்தது. பின்வாங்கியவனின் மாட்டைப் பிடிக்க அக்கம்பக்கத்தில் ஒருவனும் கயிறெடுத்து வரமாட்டான்.

"குடுத்தா குடுத்ததுதானே தம்பி?" என்று ஓர்வல் பல்லைக் காட்டினான்.

"பொய்யைக் காட்டி வாங்கின கைதானே அது!" என்று லியோட்டா கத்தினாள்.

டெல் தலைகுனிந்தான். "போய்ப் பாக்காதது என் தப்புங்க."

லியோட்டாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. நிற்கவே கூசியது.

வெர்னா அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அப்ப குடிக்கத் தண்ணி எங்கேருந்துக்கா கொண்டுவர்றீங்க?"

"காத்தாடி சுத்தி எறைக்கிற கிணறு ஒண்ணு இருக்கு. ஆறு மைல்," என்றாள் லியோட்டா. "விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடணும்."