விடியல் கழகத்தின் மீதிச் சனிக்கிழமைகள்

உக்ரைனில் ஸ்தாவிச்சி என்றோர் ஊர். அங்கே ஊர்க் கழகம் ஏற்கெனவே ஆடிய கால்பந்தாட்டம் ரத்தானால், அந்த ஆட்டம் நடந்த நேரத்தில் ஊருக்குள் நடந்தவையும் ரத்தாகிவிடும்.

கழகம் முதலில் மாவு ஆலையின் பெயரில் தொடங்கியது. சில ஆட்டங்களிலேயே அது கலைந்தபோது, அந்த நேரங்களில் பல் மருத்துவர் பிடுங்கிய பற்கள் அவரவர் வாய்க்குத் திரும்பின, பழைய வலியோடு. ஓர் ஆட்டத்தின் நடுவில் பிறந்திருந்த கன்றுக்குட்டி பசுவின் வயிற்றுக்குள் திரும்பிப் போய், அடுத்த வாரம் சாவகாசமாக மறுபடி பிறந்தது.

விதி எளிதானது. பருவத்தின் பாதி ஆட்டங்களை ஆடி முடிப்பதற்குள் கழகம் விலகினால் எல்லாம் ரத்து. பாதியை ஆடிவிட்டு விலகினால், ஆடியது ஆடியதுதான். ஆனால் ஆடாத ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றதாக வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் முறை கழகம் டிராக்டர் நிலையத்தின் பெயரில் பிறந்து, பாதியைத் தாண்டிக் கலைந்தது. அந்த உழவுக்காலம் முழுக்க, சனிக்கிழமைதோறும் பிற்பகலில் நிலையத்திலிருந்து மூன்று மூன்றாகப் பொருள்கள் மறைந்தன. டிராக்டர்கள் தீர்ந்ததும் சக்கரங்கள், பிறகு கூரைத் தகடுகள். ஓட்டுநர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் முறை கழகத்துக்கு 'விடியல்' என்று பெயர் வைத்தார்கள். லெவ்கோ அதன் சட்டைகளைத் துவைத்து உலர்த்துபவன். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளை எல்லாம் மைதானத்துக்கே கொடுத்துவிட்டதால், அவன் மனைவி சொலோமியா ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போய்விட்டாள். நான்கு ஆண்டுகள் கடிதம்கூட இல்லை. இந்த இலையுதிர் காலத்தில், விடியலின் இரண்டாம் ஆட்டத்தின்போது, அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு மைதானத்தின் வழியாகத்தான் பாதை. கோல் கம்பத்துக்குப் பின்னால் அவன் ஈரச் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பெட்டியைக் கீழே வைத்து, மறுமுனையைப் பிடித்து ஒரு சட்டையைப் பிழிந்தாள். அந்தப் பருவத்தில் விடியல் அடித்த ஒரே கோல் அப்போது விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் வந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போலந்துக்குப் பேருந்து ஏறினார்கள். பாதியை எட்ட இன்னும் ஓர் ஆட்டமே பாக்கி. ஆட்டம் தொடங்க ஓர் அணிக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பயிற்சியாளர் ஒஸ்தாப்பிடம் ஆறு பேர் இருந்தார்கள்.

"ஏழாவது ஆள் நீதான், லெவ்கோ" என்றார் ஒஸ்தாப். "பந்து பக்கமே போகாதே. அது உனக்கும் நல்லது, பந்துக்கும் நல்லது."

அன்றிரவு லெவ்கோ மனைவியிடம் கேட்டான். "ரத்தாச்சுன்னா நீ மறுபடி வருவியா?"

சொலோமியா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியலை. அன்னைக்கு என்னவோ தோணுச்சு, வந்தேன். தினமுமா தோணும்?"

சனிக்கிழமை அவள் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் மைதானத்துக்கு வந்தாள். ரத்தாகிவிட்டால் தன் பொருள் எதுவும் இங்கே தங்கிவிடக் கூடாதே என்று சீப்பைக்கூட மறக்காமல் வைத்திருந்தாள். காலியான பலகை வரிசையில் பெட்டியை மடிமேல் வைத்து உட்கார்ந்தாள்.

எதிரணியில் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லெவ்கோவின் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு பூட்ஸ் வந்து இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் பலகை வரிசை வரை கேட்டது. நடுவர் ஓடி வந்து குனிந்து பார்த்தார்.

"எலும்பு போயிருக்கு. வெளியே போறீங்களா?"

"நான் போனா?"

"ஆறு பேர். ஆட்டம் நின்னுடும். கணக்குல வராது."

"அப்ப இங்கேயே நிக்கிறேன்."

நடுவர் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் கோல் கம்பத்தைப் பிடிக்க வைத்தார். எதிரணிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பாதையில் நிற்கும் மரத்தைச் சுற்றிப் போவதுபோல அவனைச் சுற்றிப் போய்க் கோல் அடித்தார்கள். ஒருவன் ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்குங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு அடித்தான். மழை தூறியது. கம்பத்தின் வெள்ளைச் சுண்ணாம்பு லெவ்கோவின் கன்னத்தில் ஒட்டியது. எத்தனை கோல் என்று அவன் எண்ணவில்லை. பலகையில் பெட்டி இருக்கிறதா, பெட்டிக்குப் பின்னால் அவள் இருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி விசில் ஊதியபோது இருந்தாள்.

கழகம் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒஸ்தாப் அன்று மாலைப் பேருந்திலேயே கிளம்பினார். படியில் நின்றபடி மைதானத்துச் சாவியை லெவ்கோவின் கையில் வைத்தார்.

"இனி கழகம் உன் வீட்டு முகவரியிலதான் இருக்கு. தோல்வியெல்லாம் அங்கேதான் வரும். கதவைப் பூட்டி வைக்காதே, உடைச்சுக்கிட்டு வரும்."

பனி உருகி, பருவத்தின் மறுபாதி தொடங்கியது. முதல் சனிக்கிழமை பிற்பகல், யாரும் இல்லாத மைதானத்திலிருந்து விசில் கேட்டது. வீட்டில் அலமாரியும் சுவர்க் கடிகாரமும் அடுப்படி ஜன்னலும் போயின. ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் சுவர் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எவை போக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து, காலையிலேயே அவற்றை வாசலருகே வைத்தார்கள். வைத்தவற்றையே தோல்வி எடுத்துக்கொண்டது.

"அந்தப் பச்சை ஜாடி போகட்டும்" என்பாள் சொலோமியா. "உங்க அம்மா கொடுத்தது. எனக்கு என்னைக்கும் பிடிச்சதில்லை."

"அப்ப உன் அக்காவோட கம்பளமும் போகட்டும்."

ஒரு வாரம் அவளுடைய பெட்டி போனது. அதை அவளே வாசலுக்குக் கொண்டு வந்து வைத்தாள்.

இரவல் வாங்கிய பொருளைத் தோல்வி தொடுவதில்லை. அதனால் பக்கத்து வீட்டார் இரவல் கொடுத்தவற்றை வாசலில் வைத்தும் பயனில்லை. கட்டில் போன பிறகு தரையில் படுத்தார்கள். உள்கதவுகள் போயின. விளக்கு போன பிறகு சீக்கிரம் தூங்கினார்கள். கடைசிச் சனிக்கிழமை விடிந்தபோது வீட்டில் ஒரு பெஞ்சும் ஒரு கெட்டிலும் அவர்கள் இருவரும் இருந்தார்கள். தோற்க வேண்டியவை மூன்று.

பெஞ்சை வாசலில் போட்டார்கள். கெட்டிலில் இருந்த தேநீரைக் குடித்துத் தீர்த்து, அதைக் கழுவி, பெஞ்சின்மேல் வைத்தார்கள். பிறகு சொலோமியா தலையை விரல்களால் கோதி, கொண்டை போட்டுக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தாள்.

"நில்லு" என்றான் லெவ்கோ.

அவன் நொண்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். எலும்பு சரியாகக் கூடாத இடது காலைத் தூக்கி, கெட்டிலுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தான்.

"இதுவும் கழகத்துக்காக ஆடினதுதான்."

சொலோமியா பின்னால் வந்து அவன் அக்குள்களில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டாள். விசில் கேட்டது. பெஞ்ச் மறைந்தபோது அவன் விழவில்லை.

"கனமா இருக்கியே" என்றாள் அவள்.

"இப்பக் கொஞ்சம் குறைஞ்சிருக்கணுமே."

கோடையில் கழகம் நான்காம் முறையாகப் பிறந்தது. இம்முறை 'அறுவடை' என்று பெயர். புதிய பயிற்சியாளர் சாவி வாங்க வந்தார். வாசலில் நின்று லெவ்கோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வலது ஓரத்தில் ஆட ஓர் ஆள் வேண்டும், அதற்கு வலது கால் போதும் என்றார். சனிக்கிழமை முதல் ஆட்டம்.

சொலோமியா ஒற்றைப் பூட்ஸை வெயிலில் காயவைத்தாள்.