பில்டுக்கு இப்பம் எப்பிடி இருக்கு?

1

"என் லேப்டாப்புல நல்லா ஓடுது சுஜி. மேல அனுப்பினா மட்டும் செத்துப்போவுது."

"கடைசி வரியை மட்டும் வாசிச்சா அப்பிடித்தான் தெரியும். முதல்ல எங்க செவந்திருக்குன்னு பாருலே."

மார்த்தாண்டம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர்கள் இவ்வளவுதான் பேசினார்கள். அவள் இறங்கும்போது அவன் ஏதோ கேட்க வாயைத் திறந்து, "குடையை எடுத்தியா?" என்றான். கேட்க நினைத்தது குடையைப் பற்றி இல்லை என்பது கண்டக்டருக்கே தெரிந்திருக்கும். பெயர்கள் உட்பட மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கருங்கல் சந்தையில் மழை தூறிய ஒரு மாலையில் ஸ்டெனி—

[வேண்டாம். முதல் வரியிலேயே மழை பெய்தால் காதல் கதை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.]

மறுபடி. கடியப்பட்டணத்தில் எந்த வள்ளத்தில் என்ன மீன் வந்தது என்று போனில் காட்டும் ஆப் ஒன்றை ஸ்டெனியும் சுஜியும் செய்கிறார்கள். திங்கட்கிழமை சுஜி கொச்சியில் வேலைக்குச் சேர்கிறாள். அதற்குள் ஆப் முடிய வேண்டும். ஸ்டெனி ரொம்ப நாளாக மனசில் வைத்திருக்கும் ஒன்றையும் கேட்டாக வேண்டும்.

லேப்டாப்பில் எழுதிய புரோகிராமை இணையத்தில் ஒரு சேவைக்கு அனுப்பினால், எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர் அதை ஆப்பாகக் கட்டித் தரும். அதுதான் பில்ட். சரியானால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கூடவே நடந்ததையெல்லாம் வரிவரியாகச் சொல்லும் லாக்.*

* என் வழக்கமான வாசகர்களுக்கு: லாக் என்பது கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியப்பா. கடைசியில் "நான் போறேன்" என்பார். காரணம் முதல் பந்தியில் இருக்கும்.

3

சிவப்பைப் பார்த்து மகன் சோறு வேண்டாம் என்றதும், அம்மா ஜெயபாய் சபை வாட்ஸப் குழுவில் ஜெப விண்ணப்பம் போட்டார்: 'ஸ்டெனியின் பில்ட் தேறி வர.'

பக்கத்து வீட்டு நேசமணி மாமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "பில்டுக்கு இப்பம் எப்பிடி இருக்கு மக்களே?"

"சிவப்பாத்தான் இருக்கு மாமா."

"தடிப்பு உண்டா?"

[மாமாவை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். பழத்தோடு வந்தவரை எப்படி அனுப்புவது?]

சேதி கேட்டு வந்திருந்த சுஜி ஆரஞ்சை உரித்துக்கொண்டே லாக்கை மேலே தள்ளினாள். "இந்தா, முதல் சிவப்பு. அதுவரைக்கும் எல்லாம் பச்சை. ஆப்பு நம்மளுதுதான்னு கையெழுத்துப் போடுற இடத்துல சாவி ஃபைலைக் காணோம்ங்குது. எங்க அது?"

"என் லேப்டாப்புல பத்திரமா இருக்கு."

"நீயே பொத்தி வச்சிருந்தா அங்க உள்ளதுக்கு எப்பிடித் தெரியும்? ஏத்தி விடணும்லா!"

ஸ்டெனிக்குக் காது சூடானது. ஏற்றினான். பச்சை.

4

ஞாயிறு சாயங்காலம் ஸ்டெனி வீட்டில் நன்றிக் கூட்டம். சுஜியும் வந்திருந்தாள். பில்ட் பிழைத்ததற்கு மாமா உருக்கமாக ஜெபித்தார்.

"வேற விண்ணப்பம் உள்ளவங்க சொல்லலாம்," என்றார் ஜெயபாய். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

முதல் முடிவில் ஸ்டெனி இருமினான். சுஜி கொச்சிக்குப் போய்விட்டாள். கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் அவனுக்காக அம்மாவே கேட்—

[இல்லை. என் கதைகளில் அம்மாக்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.]

மூன்றாவதில் ஸ்டெனி கண்ணைத் திறக்கிறான். எதிரே சுஜியின் கண்ணும் திறந்துதான் இருக்கிறது. அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதுங்கள். மாமா எதற்கும் ஆமென் சொல்லத் தயாராக இருக்கிறார்.

"எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு," என்றான் ஸ்டெனி. "ஆண்டவர்கிட்ட இல்ல. சுஜி, என்னைக் கெட்டிக்கிடுதியா?"