வால்புர்கா அண்ணாந்து பார்த்த கூரை

மியூனிக் பீர் திருவிழாவில் பத்தொன்பது ஆண்டுகள் பரிமாறியவள் வால்புர்கா. நுரை ததும்பும் பத்துக் குவளைகளை ஒரே நடையில் தூக்கி வருவாள். இந்த ஆண்டு தோளில் தசைநார் கிழிந்தது. இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருவிழா தொடங்கியதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டுக் கோர்பினியான் கதவைத் தட்டினார். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். முப்பது ஆண்டுகளாக ஊரையே திருவிழா வாசலில் இறக்கிவிட்டவர், ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. கூட்டிப்போக முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

அரைமனதாகக் கிளம்பினாள். வழியெல்லாம் பாடம்தான்: சனிக்கிழமை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, வார நாளில் மதியத்துக்குள் வந்துவிட வேண்டும், முதுகில் பை ஆகாது, வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது.

"நின்னுக்கிட்டுக் கேட்டா ஒருத்தியும் பீர் தரமாட்டா. முதல்ல உட்காரணும்," என்றாள், பீர் கூடாரத்துக்குள் நுழைந்ததும்.

"அப்ப நீங்களும் உட்காருங்க," என்றார் அவர்.

உட்கார்ந்தாள். பரிமாறும் பெண்ணொருத்தி அவள் முன் குவளையை வைத்துவிட்டுப் போனாள். வால்புர்காவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெல்ல அண்ணாந்தாள். கூரை முழுவதும் பச்சை இலைக்கொடிகள், வண்ண நாடாக்கள், அவற்றினூடே பொன்னிற வெயில் இறங்கி, வாத்திய இசையோடு சேர்ந்து மிதந்துகொண்டிருந்தது.

"இத்தனை வருஷமா தரையையும் கூட்டத்தோட முழங்கையையும்தான் பார்த்திருக்கேன்," என்றாள். கண் கலங்கியது. அவர் தட்டிலிருந்த சுட்ட கோழியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பிறகு ராட்டினத்தில் ஏறினார்கள். உச்சியில் அது நின்றபோது கூடாரங்களெல்லாம் சிறுத்து, இரைச்சல் தேனீக்களின் ரீங்காரமானது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இளவரசன் கல்யாணத்துக்காக இங்கே குதிரைப் பந்தயம் நடந்த கதையைச் சொன்னாள். அந்த மணப்பெண்ணின் பெயரைத்தான் திருவிழா நடக்கும் இந்தப் புல்வெளி இன்றும் சுமக்கிறது. பீர் கடைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. சொல்லச் சொல்லக் கீழே நகர்ந்த தலைகளெல்லாம் பிடரி மயிர் அலைய ஓடும் குதிரைகளாக அவளுக்குத் தெரிந்தன.

அவர்கள் அமர்ந்த பெட்டி கீழே வந்ததும் கோர்பினியான் எழுந்தார். அவள் எழவில்லை.

"இன்னொரு சுத்து போலாமா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்.