அண்ணன் சொன்ன பதில்

காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை.

"ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிற ஆளு. வீட்டுல ஒரு பொட்டி செத்துக் கிடக்கு, கண்ணுக்குத் தெரியல," என்று அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். தெருவில் அவனுக்குக் 'கரண்டு' என்றுதான் பெயர். தரையில் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினான். கணவன் இறந்தபின் சிறு மகளுடன் அவன் வீட்டுக்கு வந்துவிட்ட தங்கை, கசங்கிய பருத்திப் புடவையோடு பக்கத்தில் நின்றாள்.

"எங்கேம்மா, இவ்வளவு அவசரமா?"

"இண்டர்வியூண்ணே. பெரிய ரோட்டு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணுமாம்."

ஸ்குரூவைத் திருகிய கை நின்றது. "அது அவங்க மதத்து ஸ்கூலாச்சே?"

"கணக்குல என்னண்ணே அவங்க, நாம?"

"போயிட்டு வா. அவங்க ஆளுங்களத்தான் எடுப்பாங்க." கிடைக்காது என்று நினைத்ததில் அவனுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

பள்ளியில் தலைமையாசிரியை அவளை நேராக ஒரு வகுப்புக்கு அழைத்துப் போனார். பின்னம் நடத்தச் சொன்னார். அவள் ஒரு காகிதத்தைப் பாதியாகக் கிழித்தாள், பாதியில் பாதியைக் கிழித்தாள். துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளிடம் கொடுத்து, மறுபடி முழுக் காகிதமாகச் சேர்க்கச் சொன்னாள். துண்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பெஞ்சு பெஞ்சாக ஓடினார்கள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

"தினம் காலையில எங்க பிரார்த்தனை இருக்கும். நீங்க சும்மா நின்னாப் போதும். மனசுக்குள்ள உங்க சாமியக் கும்பிட்டுக்கோங்க, நாங்க எட்டிப் பாக்க மாட்டோம்."

அவளும் சிரித்தாள். தொடர்புக்கு அண்ணனின் எண்ணைக் கொடுத்தாள். அந்த வீட்டில் பெண்களுக்கென்று தனியாகப் போன் கிடையாது. அதை யாரும் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தபோது அண்ணன் ஒரு கடையில் ஏணிமேல் நின்றிருந்தான். அதற்குச் சற்று முன்புதான் கடைக்காரர், "என்ன கரண்டு, தங்கச்சிய அந்தப் பக்கம் அனுப்பிட்டியாமே? அடுத்த வருஷம் உன்னையும் மாத்திருவாங்க போல," என்று சொல்லியிருந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருந்தார்கள்.

"உங்க தங்கச்சிய எடுத்திருக்கோம். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க," என்றது போன்.

கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவளுக்கு இஷ்டமில்லைங்க," என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை அவள் வாசலிலேயே கேட்டாள். "யாராவது கூப்பிட்டாங்களாண்ணே?"

"இல்லம்மா."

ஒரு வாரம் தினமும் கேட்டாள். கடைசியில் அவன், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, வேற ஆளுங்களுக்கு அங்க இடம் கிடையாது," என்றான். அதன்பின் அவள் கேட்கவில்லை.

துணிக்கடையில் சேர்ந்தாள். நாளெல்லாம் நின்றபடி, வருகிறவர்கள் பிரித்துப் போட்டதை மடித்தாள். இரவில் கால் வீங்கியது. மனதிலும் ஏதோ வீங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டார் அந்த மதத்துக்காரர்கள். அந்த வீட்டம்மா சிரித்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளிடம், "அவங்க கூடச் சேராத. வெளிய சிரிப்பாங்க, உள்ள வேற," என்றாள். ஸ்கிப்பிங் கயிற்றோடு விளையாட வந்த பக்கத்து வீட்டுக் குழந்தை, சற்று நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாள் அது வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பள்ளியின் மின்மணி பழுதானது. சரிசெய்ய வந்த ஆள் கரண்டு. அவன் யாருடைய அண்ணன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மணியைக் கழற்றும்போது மனம் கேட்காமல் மெல்ல விசாரித்தான். "கணக்கு டீச்சருக்கு ஆள் வந்துட்டாங்களா மேடம்?"

"போட்டாச்சு. ஆனா முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க பாருங்க! பிள்ளைங்க இன்னும் கேக்குதுங்க." தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "வேற மதம் வேண்டாம்னு எங்க கமிட்டியில முறைச்சாங்க. சண்டை போட்டுத்தான் சம்மதம் வாங்கினேன். கடைசியில அவங்க அண்ணன், இஷ்டமில்லன்னுட்டார். 'பாத்தீங்களா, அவங்களுக்கே நம்மளப் பிடிக்கல'ன்னு கமிட்டியில சிரிச்சாங்க. இனிமே வேற மதத்து ஆளுக்காக நான் எந்த முகத்தோட பேசுவேன்?"

அவன் மணியைத் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டான். மணி ஒலித்தது. அவனுக்கு அது காதில் விழவில்லை.

வீட்டில் தங்கை வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்கம்மா."

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "இப்பவா?"

"இல்ல. அப்பவே."

எல்லாவற்றையும் சொன்னான். "அடப்பாவி மனுஷா!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். தங்கை காலை வெளியே எடுக்கவே இல்லை. தண்ணீர் ஆறிப்போயிற்று.

"நாளைக்கே போய் கால்ல விழுந்தாவது கேக்கறேம்மா," என்றான் அண்ணன்.

"அங்க ஒருத்தங்க வேல பாக்கறாங்கண்ணே. அவங்க பொழப்ப எனக்காகக் கேக்காத." அவள் குரல் உடைந்தது. "வேலை போனதக்கூடத் தாங்கிக்குவேன். என்னைத்தான் வேணும்னு சண்டை போட்டவங்கள நான் இத்தன நாளா வெறுத்துக்கிட்டு இருந்தேனே! என் பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்தேனே! அங்க அவங்க, நமக்கு அவங்களப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நம்மள மதம் பிரிக்கலண்ணே. நாலு பேர் சிரிப்பாங்களேங்கிற பயம் பிரிச்சுது. அந்தப் பயத்துக்கு நாமதான் மதம்னு பேர் வச்சுக்கிட்டோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ போ. போய், 'இஷ்டமில்லன்னு சொன்னது நான்தான், அவ இல்ல'ன்னு அந்தக் கமிட்டிகிட்டச் சொல்லு. எனக்காக இல்ல. நாளைக்கு நம்மள மாதிரி இன்னொருத்தி அந்த வாசல்ல போய் நிப்பா. அவளையாவது அவங்க உள்ள கூப்பிடட்டும்."